மைனா உட்காரும் இடம்

இதை முதன்முதலில் என் காதில் போட்டது வயலட் டீச்சர்தான். போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். டீச்சர் என் மகன் லிவிங்ஸ்டனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி. பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ரிட்டயர் ஆன பிறகும் கையில் சாக்பீஸ் இருக்கிற மாதிரியே இரண்டு விரலைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பேசுவார். அந்த இரண்டு விரலால் என் முழங்கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "ஹெப்சிக்காக நாங்களும் பாரத்தோட ஜெபிக்கோம், மனசத் தளரவிடாதீங்க. பெண்கள் சங்கத்துலயும் சொல்லியிருக்கேன்" என்றார். ஹெப்சி என் மகள். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தது. அவளுக்காகப் பெண்கள் சங்கம் பாரப்பட என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒரு செருப்புக் கிடைத்துவிட்டது, மற்றதைக் காணோம், நான் ஒற்றைச் செருப்போடு நிற்கிறேன், டீச்சர் இன்னும் என் கையை விடவில்லை. "ஊமை வீட்டுக்குள்ள பிள்ள எப்படி மூச்சு விடுவா, பாவம்" என்றார். ஊமை வீடு. அது என் வார்த்தை. நான் உண்டாக்கிய வார்த்தை. அதை நான் ஒருத்தரிடம்தான் சொல்லியிருக்கிறேன், அவர் பரலோகத்தில் இருக்கிறார். அங்கிருந்து இறங்கி அது எப்படி வயலட் டீச்சர் வாய்க்கு வந்தது என்று யோசித்துக்கொண்டே வெயிலில் வீடு வந்து சேர்ந்த பிறகுதான், காலைப் பார்த்தால் ஒரு கால் வெறுங்கால்.

இன்றைக்குக் குருவிக்குத் தீனி போடுகிற தட்டைக் கழுவுகிற நாள். கழுவித்தான் ஆகவேண்டும், கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆத்திரத்தில் ஒரு பழைய தலையணை உறையைக் கொண்டுவந்து பின்னால் நிற்கிற தீனிக் கூண்டு முழுக்க மாட்டிவிட்டேன், உள்ளே இருந்த கம்புத் தானியத்தை எடுக்காமல். ராத்திரி மழை. உறை நனைந்து, கம்பு நனைந்து, வெயில் படாமல் கிடந்து, இப்போது உறையைத் தூக்கிப் பார்த்தால் புளித்த மாவு மாதிரி ஒரு வாடை. கட்டி கட்டியாகப் பச்சைப் பூசணம். இதைத் தின்றால் குருவி செத்துப்போகும். தட்டைத் தனியாக உருவி, உறையை மறுபடி கூண்டின் கேமராக் கண்ணுக்கு மேலே இழுத்துவிட்டேன். அந்தக் கண் என்னைப் பார்க்க வேண்டாம். இங்கே நின்று நான் வாய்விட்டு ஜெபிக்கவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. தட்டைத் துணி துவைக்கிற கல்லில் வைத்து, கொதிக்கிற வெந்நீரும் உப்பும் போட்டு, தேங்காய் நாரால் தேய்க்கிறேன். தேய்க்கிற கைக்குத் தெரியும் நான் யாரைத் தேய்க்கிறேன் என்று. ஆண்டவரே, நான் கோபக்காரி இல்லை, உமக்குத் தெரியும். பால்காரர் தண்ணீர் ஊற்றினால்கூட நாளைக்கு நல்ல பாலாகக் கொண்டுவாங்க தம்பி என்றுதான் சொல்வேன். ஆனால் இந்த மூன்று நாளாக நெஞ்சுக்குள் உலை கொதிக்கிற மாதிரி இருக்கிறது, மூடி தட்டுகிறது, இறக்கி வைக்க இடமில்லை. இறக்கி வைக்கிற இடத்தைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்களே. பாருங்கள், மனசுக்குள்ளேயே ஜெபித்துப் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பிக்கிறேன். ஆண்டவரே என்று தொடங்கினால் கம்பு தீர்ந்துபோச்சே என்று போய் நிற்கிறது. என் பிள்ளையை என்று எடுத்தால் அந்த இரண்டு விரல் முன்னால் வருகிறது. உள்ளுக்குள் பேசுகிற பேச்சுக்கு வழுக்கல் ஜாஸ்தி. வாயால் சொன்னால்தான் எனக்கு அது நிற்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வாசிக்கிறதுகூட எனக்கு வாய்விட்டு வாசித்தால்தான் ஏறும்.

மேலே மதிலில் மைனா உட்கார்ந்து என்னை ஏசுகிறது. மூன்று நாள் பட்டினி போட்டுவிட்டேன் அல்லவா. போ, போய் வயலட் டீச்சர் வீட்டு மாடியில் கேள். அவர்கள் வீட்டில் எல்லாம் விசாரித்துப் போடுவார்கள். இந்தக் கூண்டு வருவதற்கு முன்னால் உனக்கு நான் சோறு போடவில்லையா. உடைந்த மண்சட்டியின் மூடியைக் கவிழ்த்து மதிலில் வைத்து, குருணையும் மீந்த சோறும் போட்டேன், ஒரு குறையும் இல்லாமல் தின்றீர்கள், தவிட்டுக்குருவி கூட்டமாக வந்து சண்டை போட்டுத் தின்றது, அணில் தின்றது. அந்த மூடிக்குக் கண் கிடையாது. லிவிங்ஸ்டன் மெல்போர்னிலிருந்து லீவில் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, அம்மா நீங்க இவ்வளவு ஆசையா போடுதீங்களே, உங்களுக்கு நல்லதா ஒண்ணு அனுப்புதேன் என்றான். அனுப்பினான். பச்சைக் கலரில் ஒரு சின்ன வீடு, கூரையில் சோலார் தகடு, நடுவில் கண்ணாடிக் கண். குருவி வந்து உட்கார்ந்ததும் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும், அது படம் பிடித்து அவன் போனுக்கும் மருமகள் ஷெர்லின் போனுக்கும் அனுப்பும். கேபிள்காரர் வந்து வைஃபை பெட்டியை அடுக்களை ஜன்னலுக்கு மாற்றிக்கொடுத்தார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, இரும்புக் குழாய் நட்டு, சிமெண்ட் போட்டு நிறுத்தினோம். அணில் ஏறாமல் இருக்கக் குழாயில் பழைய எண்ணெய் டின்னைப் புனல் மாதிரி வெட்டிக் கவிழ்த்தேன், எறும்புக்குக் கிரீஸ் தடவினேன். எவ்வளவு சந்தோஷமாகச் செய்தேன். மகன் அங்கே குளிரில் உட்கார்ந்துகொண்டு நம் வீட்டுக் கொண்டைக்குருவியைப் பார்க்கிறானே என்று ஸ்தோத்திரம் பண்ணினேன். அந்த ஸ்தோத்திரத்தையும் கேட்டிருப்பார்கள். இப்போது நினைத்தால் அதுதான் கூசுகிறது. கண் இருக்கிறது என்று சொன்னவன் காது இருக்கிறது என்று சொல்லவில்லையே.

பூசணம் மூலையில் இறங்கியிருக்கிறது, நாருக்கு எட்டவில்லை, பழைய பல்விளக்குகிற பிரஷ் வேண்டும். இதோ இருக்கிறது. இந்தக் கல் எனக்கு யார் கொடுத்த இடம் தெரியுமா. யாரும் கொடுக்கவில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார எனக்கென்று ஓர் அறை கிடையாது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் பகலில் என்ன தூக்கம் என்று கேட்பார்கள். அதனால் துணியை அள்ளிக்கொண்டு இங்கே வருவேன். கல்லில் துணியை அடிக்கிற சத்தத்துக்குள் என் ஜெபத்தைச் சொல்லிவிடுவேன். ஓர் அடி, ஒரு வார்த்தை. ஆண்டவரே, அடி, எனக்குப் பொறுமையைத் தாரும், அடி. யாருக்கும் கேட்காது. என் வீட்டுக்காரர், அவுக இறந்துபோன வருஷமும், அவுகளை அடக்கம் பண்ணி வந்த வாரமும், வீடு நிறைய ஆள் இருக்க, நான் இங்கேதான் வந்து அழுது தீர்த்தேன், அவுக வேட்டியைத் துவைக்கிற மாதிரி. பிறகு லிவிங்ஸ்டன் வாஷிங் மெஷின் வாங்கிக்கொடுத்தான். துணி உள்ளே போய்விட்டது. நான் மட்டும் பழக்கத்துக்குக் காலையில் இங்கே வந்து நிற்பேன். அடிக்கிற சத்தம் இல்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. இந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார் கேட்க என்று நினைத்தேன். மெஷின் கொடுத்தான், சத்தத்தை எடுத்தான். கூண்டு கொடுத்தான், காதை வைத்தான். எல்லாம் அம்மாவுக்கு நல்லதுக்கு.

ஹெப்சி என்னிடம் சொன்னது ஐப்பசி மழை ஆரம்பித்தபோது. அவள் புருஷன் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. பேசமாட்டார். எதற்கோ ஒரு மனத்தாங்கல், அன்றைக்கு நிறுத்தியவர்தான். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், கரண்ட் பில் கட்டுவார், அவள் காய்ச்சலில் கிடந்தால் மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாள் அவள் கண்ணாடி முன்னால் நின்று தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தாளாம், என் பெயரை யாராவது சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாச்சும்மா என்று. பிறகு ஒரு பெட்டியோடு கிளம்பி, வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். என்ன முடிவு எடுக்கப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அது தெரிகிற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள். அண்ணனுக்கும் வேண்டாம் என்றாள், அண்ணனுக்குத் தெரிந்தால் மைனி ஷெர்லினுக்குத் தெரியும், மைனிக்குத் தெரிந்தால் டீச்சருக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரிந்தால் கோயில் மணி அடித்தாச்சு என்று சிரித்தாள். அந்த நிலைமையிலும் சிரித்தாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மனுஷரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் யாருக்காவது விசேஷ ஜெபம் வேண்டுமா என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் கேட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்றால் எங்கள் ஊரில் ஒரு சமாச்சாரம் பரவுவதற்கு ஜெபத்தைப் போல நல்ல வண்டி கிடையாது. யாரும் கோள் சொல்லவே மாட்டார்கள், பாரம் சொல்வார்கள். அதனால் உம்மிடம் மட்டும் சொன்னேன். காலையில் கம்பு போட்டுவிட்டு, இந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு. அந்த ஊமை வீட்டுக்குள்ள என் பிள்ள எப்படி மூச்சு விட்டா ஆண்டவரே என்று. நான் அழுதபோது கொண்டைக்குருவி ஒன்று வந்து உட்கார்ந்ததாம். ஷெர்லினுக்கு அந்தக் குருவியின் கொண்டை பிடித்துப்போய், எவ்வளவு அழகு பாருங்கம்மா என்று அந்த வீடியோவை டீச்சருக்கு அனுப்பியிருக்கிறாள். அவள் சத்தத்தைக் கேட்கவே இல்லையாம். டீச்சர் கேட்டுவிட்டார். டீச்சருக்குப் பின்பெஞ்சில் கிசுகிசுப்பதும் கேட்கும்.

கேட்டீரா நீர், ஆண்டவரே. அதுதான் என் கேள்வி. கோபித்துக்கொள்ளாதேயும். நான் ஐப்பசியிலிருந்து சொல்கிறேன், உம்மிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. மெல்போர்னுக்குக் கேட்டிருக்கிறது, டீச்சர் வீட்டுக்குக் கேட்டிருக்கிறது, சங்கத்தில் இருக்கிற யாருடைய தங்கையோ கோயம்புத்தூரில் இருக்கிறாளாம், அவளுக்குக் கேட்டு, அவள் பழம் வாங்கிக்கொண்டு ஹெப்சியின் ஹாஸ்டலுக்கே போய் ஆறுதல் சொல்லியிருக்கிறாள். நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி. எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள். நீர்தான் பாக்கி. நீரும் அந்த மாப்பிள்ளையைப் போல மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறவர்தானோ என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நினைத்துவிட்டேன். நினைத்ததை வாபஸ் வாங்கவும் மனசில்லை. அன்றைக்குத்தான் ஹெப்சி கூப்பிட்டாள். அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. "உங்ககிட்ட மட்டுந்தானம்மா சொன்னேன்" என்றாள். நான் யார்ட்டயும் சொல்லலட்டீ என்றேன். "அப்ப யாரு சொன்னா, ஆண்டவரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதிலிருந்து எடுக்கவில்லை. நான் கூப்பிட்டால் அடித்து அடித்து ஓய்கிறது. வாய்ஸ் அனுப்பினேன், கேட்டதற்கு அடையாளமாக நீலம் வரும் என்பார்கள், நீலம் வரவில்லை. அவள் சின்னதில் ஏழு வயசில் கோபம் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டாள், மிட்டாய்க்கும் வரமாட்டாள், அடிக்கும் வரமாட்டாள். நான் தரையில் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து, அவள் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துக்கொண்டு பேசாமல் கிடப்பேன். கொஞ்ச நேரத்தில் தானாக ஊர்ந்து வருவாள். இப்போது கட்டில் கோயம்புத்தூரில் இருக்கிறது. அந்த ஹாஸ்டலின் முகவரிகூட அவள் எனக்குச் சொல்லவில்லை. பழம் கொண்டுபோனவளுக்குத் தெரிகிறது. அந்த அறையில் அவளோடு யார் தங்குகிறார்கள், ராத்திரி சாப்பிடுகிறாளா, ஒருத்தியாக உட்கார்ந்து என்ன நினைக்கிறாள். அவள் புருஷன் பேசவில்லை, இப்போது அம்மாவும் இல்லை என்று ஆகிவிட்டதே. அதற்கு மேல் நான் நினைக்கமாட்டேன். தட்டைப் பார். தட்டைத் தேய்.

சுத்தமாகிவிட்டது. வெள்ளைத் துணியால் துடைத்து வெயிலில் சாய்த்து வைத்திருக்கிறேன், ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் மறுபடி பூசணம் பிடிக்கும். அதற்குள் குழாயடியில் சிந்தி முளைத்துக் கிடக்கிற கம்புப் பயிரைப் பிடுங்குகிறேன். லிவிங்ஸ்டன் என்ன சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நான் கூப்பிட்டுக் கேட்டபோது முதலில் புரியாதவன் மாதிரி இருந்தான். பிறகு, அம்மா, குருவி கத்துறது கேக்கணும்ல, அதுக்குத்தான் சத்தம் என்றான். பிறகு, நீங்க தனியா இருக்கீங்க, பின்னாடி வழுக்கி விழுந்து கிடந்தா எங்களுக்கு எப்படித் தெரியும் என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அந்தக் குரலைக் கேட்டு என் கோபம் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டது, பிறகு இன்னும் பெரிதாக எழுந்தது. அப்படியென்றால் இந்தக் கூண்டு குருவிக்கு இல்லை. கம்பு குருவிக்கு, கண் எனக்கு. நான் கம்பு போட வருவேன், என்னைப் பார்த்துக்கொள்ளலாம். அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சரி தம்பி என்றிருப்பேன். நான் எதற்கு மறுத்திருக்கிறேன். நேற்று கூப்பிட்டு, என்னம்மா, கண்ணை ஏதோ மறைக்குதே, துணி கிடக்கு போல என்றான். ஆமா, கிடக்கு என்றேன். ஹெப்சியிடம் நீ சொல்லு தம்பி, உன் மெஷினால வந்ததுன்னு நீ சொல்லு என்றேன். சொல்றேம்மா, அவ கொஞ்சம் ஆறட்டும் என்றான். அவளுக்கு ஆற வேண்டும், ஷெர்லினுக்குச் சங்கடம், டீச்சருக்கு மரியாதை, எல்லோருக்கும் இடம் இருக்கிறது. என் பிள்ளை முன்னால் நான் கோள்காரியாக நிற்பதுதான் யாருக்கும் அவசரம் இல்லை. குழாயைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று காலையில் மண்வெட்டியைக்கூட எடுத்தேன். பிடுங்கினால் சிமெண்டோடு வரும். பிடுங்கி என்ன. போன வார்த்தை திரும்பி வருமா. மைனா இன்னும் மதிலில்தான் இருக்கிறது, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது, இவள் இன்றைக்காவது போடுவாளா மாட்டாளா என்று. அதற்கு இந்தக் கூண்டின் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

தட்டு காய்ந்துவிட்டது. மாட்டினேன், டப் என்று உட்கார்ந்தது. கடைசியாக மிச்சம் இருந்த கம்பையும் கொஞ்சம் தினையையும் கலந்து, இரண்டு கை போட்டேன், அதிகம் போட்டால் மறுபடி நனையும். டின்னைச் சரிபண்ணினேன், கிரீஸ் தடவினேன், கையைத் துடைத்தேன். செய்ய வேறு வேலை இல்லை. அப்படியே நின்றேன். கொண்டைக்குருவி வந்தால் அதன் படம் லிவிங்ஸ்டன் போனுக்குப் போகிறது. குருவிக்குப் பின்னால் இருந்த என் சத்தம் போயிருக்கிறது, கடல் தாண்டிப் போயிருக்கிறது, யாரும் கேட்காமலே ஒரு கை மாற்றி ஒரு கை போயிருக்கிறது. என் போனை எடுக்காதவள் அண்ணன் போனிலிருந்து வந்தால் பார்ப்பாள். அவளும் இந்தக் கூண்டைப் பார்ப்பாள், இது எப்படிக் கேட்கிறது என்று அவள் காதாலேயே கேட்பாள். தலையணை உறையை உருவித் தோளில் போட்டுக்கொண்டேன். கண் என்னைப் பார்த்தது. முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து, மைனா வந்து உட்காருகிற விளிம்புக்கு நேராக என் முகத்தை வைத்தேன். மூக்கு கம்பில் பட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஹெப்சி, அம்மாதாண்டி. ஹெப்சி. ஊமை வீடுன்னு நான் ஆண்டவர்ட்ட மட்டுந்தான் சொன்னேன். இந்த இடத்துல நின்னு வாய்விட்டுச் சொன்னேன். இதுக்குக் காது இருக்குன்னு எனக்குத் தெரியாது, உங்க அண்ணனுக்குத் தெரியும்."

மைனா மதிலில் கத்தியது. அதுவும் கூண்டின் காதில் விழட்டும். விளக்கு அணைவதற்குள் இன்னொன்று இருந்தது.

"தம்பி லிவிங்ஸ்டன், கொண்டைக்குருவிய அனுப்புனீங்கல்ல, அதே மாதிரி இதையும் அனுப்பு. உன் தங்கச்சிக்கு மட்டும்."